காரின் பின்னால் கேட்ட இரைச்சல்: பெயாரிங்கா, டயரா?

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காரின் பின்பக்கத்திலிருந்து 'ஊங்' என்று ஒரு இரைச்சல் வரும். வேகம் கூடக்கூட அதுவும் ஏறும். அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே சரியாகக் கேட்காது. காலை எடுத்தால் மெல்ல மெல்ல இறங்கும். இதை யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் பதில், "வீல் பெயாரிங் போயிருக்கும்." பெயாரிங் என்பது சில்லு உராயாமல் சுழல அதன் நடுவில் இருக்கும் தாங்கி. சில நேரம் அந்தப் பதில் சரியாகவே இருக்கும். ஆனால் ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும் கிட்டத்தட்ட இதே சத்தத்தைத்தான் போடும். காதால் மட்டும் கேட்டு இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். பிரித்துப் பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. ஒரு ஜக், தூக்கிய காரைத் தாங்க ஒரு ஸ்டாண்ட், ஒரு சில்லு ஸ்பானர், இரண்டு கை, கூட நிற்க ஒரு ஆள் இருந்தால் காலையில் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

என்னுடையது பாவித்ததாக வாங்கிய டொயோட்டா எக்ஸியோ. வீடு மட்டக்களப்புக் கல்லடியில், வேலை கல்முனையில். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் 2025 வரை வெளியிலிருந்து தனியார் கார் வரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லோரும் இருக்கிற காரையே பார்த்துப் பார்த்து ஓடினோம். 2022 பொருளாதார நெருக்கடியோடு டயர் விலையும் உதிரிப்பாக விலையும் ஏறிய ஏற்றத்தைச் சொல்லத் தேவையில்லை. அப்படியிருக்கும்போது பழுதில்லாத பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அதே பாகத்தைப் புதிதாகப் போட்டால் மனம் எரியத்தான் செய்யும்.

எனக்கு நடந்தது அதுதான். முதலில் காட்டிய கராஜில் காரை ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, இடது பின்பக்கப் பெயாரிங் என்றார்கள். அது சில்லைப் பூட்டும் நடுப்பாகமான ஹப்போடு சேர்ந்து வரும், மலிவில்லை. மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. திரும்பப் போய்ச் சொன்னபோது, "அப்ப வலது பக்கமும் போயிருக்கும், அதையும் மாத்துவம்" என்றார்கள். சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கவில்லை. டயரில் ஒருவரும் கை வைக்கவில்லை. நான் வலது பக்கத்தை மாற்றச் சம்மதிக்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காத்தான்குடியில் டயர் கடை வைத்திருக்கும் வயதான ஒருவரிடம் காட்டச் சொல்லி நண்பர் ஒருவர் அனுப்பினார். போய் நின்றதும் அவர் காரை ஓடிப் பார்க்கக் கேட்கவில்லை. பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். டயருக்கு உட்புறமாகக் கையை விட்டு ஒரு தடவு தடவினார். "தம்பி, உங்கட கைய இஞ்ச வைங்க" என்றார். வைத்தேன். "இப்ப முன்னுக்குத் தடவுங்க. சரி, இப்ப பின்னுக்கு இழுங்க." முன்னுக்குப் போகும்போது கை வழுக்கிக்கொண்டு போனது. பின்னுக்கு இழுத்தபோது டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் விரல் தடக்கித் தடக்கி வந்தது. "இதுதானா கத்துது காக்கா?" என்று கேட்டேன் (எங்கள் பக்கம் முஸ்லிம் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்). "வேற என்ன? பெயாரிங் பாவம்" என்றார்.

இந்தக் கை வைத்துப் பார்ப்பதைத்தான் முதலில் எல்லோரும் பழக வேண்டும் என்று நினைக்கிறேன். நின்றபடி பார்த்தால் டயரின் வெளிவிளிம்பு மட்டும்தான் கண்ணில் படும். அது நன்றாகவே இருக்கும். கேடு பெரும்பாலும் உள்விளிம்பில். முன்சில்லென்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தால் உட்புறம் தெரியும். பின்சில்லுக்கு அந்த வசதி இல்லை, கையைத்தான் விட வேண்டும். முதலில் ஒரு டோர்ச் அடித்து, உள்ளே ஆணியோ கம்பியோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மிகவும் தேய்ந்த டயரில் உள்ளிருக்கும் உருக்குக் கம்பி வெளியே வந்து நிற்கும், கையைக் கிழித்துவிடும்.

தடவும்போது இரண்டு திசை முக்கியம். ஒன்று, சில்லு உருளும் திசையோடும் அதற்கு எதிராகவும். இதில் ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் தடக்கினால், கட்டைகளின் ஒரு முனை தாழ்ந்தும் மறுமுனை உயர்ந்தும் வாள்பல்லுப் போல் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லும் ரோட்டில் அறைந்து அறைந்து போவதுதான் அந்த 'ஊங்'. முன்சில்லு இழுக்கும் கார்களில் பின்சில்லுகள் சும்மா உருண்டு வருபவை. டயரை இடம் மாற்றாமல் ஓடினால் இந்தத் தேய்வு பின்னால்தான் அதிகம் பிடிக்கும். அடுத்தது, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குக் குறுக்காகவும் திரும்பவும். இதில் ஒரு திசையில் மட்டும் கூர் தட்டுப்பட்டால் டோ சரியில்லை. டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரண்டு சில்லுகளும் முன்னுக்கு ஒடுங்கி நிற்கின்றனவா, விரிந்து நிற்கின்றனவா என்ற கணக்கு. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது கூராகவும் இருந்தால் சில்லுகள் முன்னுக்கு ஒடுங்கி நிற்கின்றன. மாறாக இருந்தால் விரிந்து நிற்கின்றன. ஒடுங்கினால் வெளிவிளிம்பு தேயும், விரிந்தால் உள்விளிம்பு தேயும்.

வேறு தேய்வுகளுக்குக் கண்ணே போதும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு நிமிர்ந்து நின்றால் காற்றுக் குறைவு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருந்தால் டயர் ரோட்டில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அதற்குச் சில்லின் துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபர் செத்திருக்கலாம், இல்லாவிட்டால் சில்லு பெலன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கலாம். பக்கச் சுவரில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதை ஆராய வேண்டியதில்லை, அந்த டயரை உடனே கழற்றிவிட வேண்டும்.

சரி, கைக்குத் தேய்வு தெரிகிறது. ஆனால் தேய்ந்த டயர் இருக்கிற காரில் பெயாரிங்கும் போயிருக்க முடியாதா? முடியும். அதனால் டயர் கடைக்காரர் சொன்னதோடு நிற்காமல் மற்றச் சோதனைகளையும் செய்தேன்.

ஓடும்போது பார்க்க வேண்டியது இரண்டு. ரோட்டு மாறும்போது சத்தம் மாறுகிறதா என்பது ஒன்று. காபெட் ரோட்டில் ஒரு மாதிரியும், சல்லி தூவிய பழைய தார் ரோட்டில் வேறு மாதிரியும், கிரவலில் இறங்கியதும் அடியோடு அமுங்கியும் போனால் டயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெயாரிங்குக்கு ரோட்டைப் பற்றிக் கவலை இல்லை, எல்லா ரோட்டிலும் ஒரே பாட்டுத்தான். அடுத்தது, பாரம் மாறும்போது சத்தம் மாறுகிறதா என்பது. நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் சாய்த்தால் காரின் பாரம் இடப்பக்கச் சில்லுகளில் ஏறும். அந்த நேரம் சத்தம் கூடினால் இடப்பக்கப் பெயாரிங், இடப்பக்கம் சாய்க்கும்போது கூடினால் வலப்பக்கம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல பெயாரிங்கை மாற்றுகிறார்கள்.

இதைச் செய்து பார்க்க வெறிச்சோடிய நேர் ரோட்டு வேண்டும். கல்முனை வீதியில் முடியாது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊரோடு ஊர் ஒட்டியே கிடக்கும், நடுவில் முச்சக்கரவண்டியும் சைக்கிளும் மாடும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய வாழைச்சேனைக்கு அப்பால் புணானைப் பக்கம் போனேன். அந்தப் பக்கம் யானை வரும் இடம், அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் போக வேண்டும். வலது, இடது இரண்டு பக்கம் சாய்த்தும் என் காரின் சத்தம் மாறவில்லை. நியூட்ரலில் போட்டபோதும் மாறவில்லை. எஞ்சினும் கியர்பொக்ஸும் அதோடு கணக்கிலிருந்து விலகிவிட்டன.

சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் மதில் உதவும். இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, நீளமான மதிலை ஒட்டி ஒருமுறை போக வேண்டும். பிறகு திரும்பி மறுபக்கம் மதில் வரும்படி அதே வேகத்தில் வர வேண்டும். மதில் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், காருக்குள் இருந்து கேட்கும்போது குழம்பும் திசை அப்போது தெளிவாகும்.

வீட்டுக்கு வந்து ஜக்கில் ஏற்றினேன். கல்லடியில் எங்கள் வளவு முழுக்க மணல், ஜக் புதையும். கீழே தடித்த பலகை ஒன்று போட்டேன். பின்சில்லைச் சுற்ற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும், அது பின்சில்லைத்தான் பிடிக்கும். அதனால் கியரை 'பி'யில் வைத்து, முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் கையோ தலையோ கொடுக்கக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்தச் சோதனையைக் கராஜில் உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

சில்லைத் தூக்கியதும் மகனைச் சுற்றச் சொல்லிவிட்டு, நான் பின்னாலுள்ள கொயில் ஸ்பிரிங்கில் விரலை வைத்துக்கொண்டேன். பெயாரிங் கெட்டிருந்தால் ஸ்பிரிங் வழியாக ஒரு கரகரப்பு விரலுக்கு வரும், காதுக்கு எட்டாத கரகரப்புக்கூட விரலுக்கு எட்டும். புதுப் பெயாரிங் போட்ட இடது பக்கமும், மாற்றச் சொன்ன வலது பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாகச் சுற்றின. பிறகு சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. முன்சில்லில் இதைச் செய்யும்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்க வேண்டும். மேல் கீழாக ஆடினால் பெயாரிங் அல்லது சில்லுப் பக்கத்து மூட்டான போல் ஜொயின்ட். இடம் வலமாக ஆடினால், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட் என்ற கம்பியின் மூட்டுகளான டை ரொட் என்ட் அல்லது ரெக் என்ட்.

கடைசிச் சோதனையை எந்த வாதமும் வெல்லாது: முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓடிப் பார்ப்பது. சத்தம் டயரோடு சேர்ந்து இடம் மாறினால் டயர், இருந்த இடத்திலேயே இருந்தால் பெயாரிங். மாற்றி ஓடியதும் என் காரில் இரைச்சல் காலடிக்கு வந்துவிட்டது, ஸ்டியரிங்கிலும் மெல்லிய அதிர்வு தெரிந்தது. சத்தம் கூடிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். பல்லுத் தேய்வு பிடித்த டயர் முன்னுக்கு வந்ததும் முதலில் அப்படித்தான் கத்தும். இழுக்கும் சில்லில் ஓட ஓடப் பல்லின் கூர் மழுங்கிச் சத்தம் கொஞ்சம் குறையும். கிண்ணக்குழி விழுந்த டயர் அவ்வளவாகத் தேறாது.

இவ்வளவும் செய்து டயர்தான் என்று முடிவானால் உடனே புது டயர் வாங்கப் போகாதீர்கள். ஏன் அப்படித் தேய்ந்தது என்று தெரியாமல் போடும் புது டயரும் அதே மாதிரித் தேயும். மாற்றுமுன் பின்னால் ஓடிய என் இடது டயரில் பல்லுத் தேய்வோடு அங்கங்கே குழியும் இருந்தது, வலதில் குழி இல்லை. அதனால் இடது ஷொக்கைப் பார்த்தேன். அதன் உடல் நடுவிலிருந்து கீழ்வரை ஈரமாக இருந்தது. எங்கள் ஊர் மணலும் புழுதியும் அந்த எண்ணெயில் அப்பி, விரலால் சுரண்டினால் களிபோல் வந்தது. வலது ஷொக்கில் உலர்ந்த தூசி மட்டும், தட்டினால் பறந்தது. ஒழுகாமலேயே செத்துப் போகும் ஷொக்கும் உண்டு. மேடு பள்ளமான ரோட்டில் கொஞ்ச நேரம் ஓடி நிறுத்தியதும் இரண்டு ஷொக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷொக் சூடாகும், செத்தது அவ்வளவாகச் சூடாகாது. ஷொக்கில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, ஒரே அச்சில் இரண்டையும் மாற்ற வேண்டும். நான் பின்னிரண்டையும் மாற்றினேன்.

அந்தச் சாக்கில் முன்னுக்கும் பார்த்ததில் இன்னொன்று கிடைத்தது. இடம் மாற்றுமுன் முன்னால் ஓடிய டயர் இரண்டில் இடது டயரின் உள்விளிம்பு நன்றாகத் தேய்ந்திருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கார் ஓடுபவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் உள்ளே போனால் ரோட்டு ஒடுங்கிவிடும். எதிரே பஸ்ஸோ நெல் ஏற்றிய டிராக்டரோ வந்தால் இடது சில்லைத் தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். இறங்கும்போது ஒரு அடி, ஏறும்போது ஒரு அடி. அதை வாங்குவது எப்போதும் இடது முன்சில்லு. சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் 'லோவர் ஆம்' என்ற பாகத்தை அலவாங்கு ஒன்றால் நெம்பிப் பார்த்தபோது, அதன் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்து அந்த 'ஆம்' முன்னும் பின்னும் ஓடியது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சில்லு பின்னுக்கு இழுபட்டு டோ விரிந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டிருக்கும் காரில், சில்லுகள் நிற்கும் கோணத்தை அளக்கும் எலைன்மென்ட் மெஷின் காட்டும் இலக்கம் இந்த நிலையில் எதற்கும் உதவாது.

எலைன்மென்ட் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆடும் புஷ், ஆடும் டை ரொட், செத்த ஷொக் இவற்றை வைத்துக்கொண்டு எலைன்மென்ட் செய்வது காசைக் கடலில் போடுவதுதான். முதலில் காற்று, பிறகு ஆட்டம் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றுவது, கடைசியில்தான் எலைன்மென்ட். செய்வதற்கு முன் ஒரு பிரிண்ட், செய்த பின் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். "பிரிண்டர் இல்லை" என்றால் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சில்லிலும் சென்சர் மாட்டச் சொல்லுங்கள். எக்ஸியோ மாதிரிக் காரில் பின்சில்லின் டோவைத் திருப்ப நட்டு ஒன்றும் இல்லை, ஆனால் அளந்தால் பின் அச்சு வளைந்திருக்கிறதா என்று தெரியும். வேலை முடிந்து நேர் ரோட்டில் ஓடும்போது ஸ்டியரிங் சரிந்து நின்றால் அங்கேயே திருப்பிக் கொண்டுபோங்கள்.

கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உப்புக்காற்றில் டை ரொட் லொக் நட்டு துருவேறி இறுகிவிடும். நட்டு அசையவில்லை என்றதும் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டு விடுவார்கள், அதனால்தான் பல கார்களில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. முதல்நாள் பின்னேரம் இரண்டு பக்க நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டுப் போனால் வேலை இலகு. மாரியில் வெள்ளம் ஏறிய ரோட்டைக் கடந்து போனவர்கள் மட்டும் பெயாரிங்கைக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகிக்கலாம். ஓடிச் சூடான ஹப் திடீரென்று தண்ணீருக்குள் இறங்கினால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். சத்தம் அன்றே வராது, பிறகுதான் வரும்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரியான அளவு. என் காரில் 230 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ. டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதுவரை அடிக்கக் கூடாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பெற்றோல் செட்டில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்து வராது, சொந்தமாக ஒரு சின்ன மீட்டர் வாங்கிக் காரில் வைத்துக்கொள்வது நல்லது. அறுவடை நேரம் டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவர்கள், பாரத்துக்கு வேறு அளவு ஸ்டிக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

புஷ் மாற்றி, எலைன்மென்ட் முடித்த பிறகுதான் டயர் கடைக்குப் போனேன். டயரின் பக்கத்தில் 'டொட்' (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது செய்த வாரமும் ஆண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். "புதுசு" என்று விற்கும் டயர் கடை இறாக்கையில் எத்தனை வருஷம் கிடந்தது என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். தேய்ந்ததை மாற்ற வேண்டிய எல்லை, காடிக்குள் தெரியும் சின்ன மேட்டுக்கு ரப்பர் சமமாகும்போது, அதாவது 1.6 மில்லிமீட்டர். மாரி தொடங்குமுன் மாற்றுவதென்றால் அந்த எல்லைவரை காத்திருக்க நான் விரும்பமாட்டேன்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். இதில் டயர் கடைகளோடு எப்போதும் வாக்குவாதம் வரும், இழுக்கும் சில்லு முன்னுக்கு என்பதால் புதியது முன்னுக்கு என்பார்கள். ஆனால் மழை ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும், அதைப் பிடிக்க நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அப்புறம் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். முன்சில்லு இழுக்கும் காரில் முன் டயர்கள் நேராகப் பின்னுக்கும், பின் டயர்கள் குறுக்காக முன்னுக்கும் வரும். பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயரென்றால் குறுக்காக மாற்றக் கூடாது, அந்தந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் மாற்றலாம். தேதியையும் மீட்டர் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். சில்லு நட்டு இறுக்குவதை மட்டும், காற்றில் இயங்கி நட்டு இறுக்கும் துப்பாக்கியோடு விடவேண்டாம். டொயோட்டா சொல்லும் இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர், இறுக்கத்தை அளந்து இறுக்கும் டோர்க் ஸ்பானர் உள்ள கடையில் அதைக் கேட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாத கடையென்றால் சில்லு ஸ்பானரால் எதிரெதிர் நட்டாகக் கையால் இறுக்கச் சொல்லி, கொஞ்சம் ஓடியபின் ஒருமுறை நீங்களே மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.